தனிமரம் தோப்பாகுமா?

நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ கேட்டால், காய்ந்து பழுப்பேறிய மரச்செதில் போல ஒன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். ஆண்மைக்கு நல்லது என்று பெயர் வாங்கிய சரக்கு. பெயரில் பூ இருக்கிறதே தவிர, அது பூவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சைக்கஸ் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்த மரத்தின் ஆண் கூம்பு அது. பார்வைக்குப் பனையையும் பெரணியையும் சேர்த்துச் செய்தது போல இருக்கும். பூக்கும் தாவரங்கள் இந்தப் பூமிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்ட குடும்பம் என்பதால் பூக்கிற வழக்கமே அதற்குக் கிடையாது, கூம்புதான்.

சைக்கஸில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பனங்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலகுப் பனை காய்க்காது, பருவப் பனையில்தான் நுங்கு. ஆனால் பருவப் பனைகள் எல்லாம் போய், உலகத்திலேயே அலகுப் பனை ஒன்று மட்டும் மிச்சம் என்று ஒரு நிலை வந்தால்? பனைக்கு அந்த நிலை வரவில்லை. சைக்கஸின் ஆப்பிரிக்க உறவு ஒன்றுக்கு வந்துவிட்டது.

1895. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய சூலு நாட்டில் ங்கோயே என்றொரு காடு. டர்பன் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஜான் மெட்லி வுட், அந்தக் காட்டின் ஓரத்தில் செங்குத்தான சரிவு ஒன்றில் ஒரு மரத்தைப் பார்க்கிறார். ஒரே அடியிலிருந்து நான்கு தண்டுகள் கிளம்பிய ஒற்றைப் புதர். அதைப் போல இன்னொன்றை அன்று முதல் இன்றுவரை யாரும் காட்டில் கண்டதில்லை. அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது: என்செஃபலார்டாஸ் வுடியை. ஆண் மரம்.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்ததை இரண்டு விதமாகவும் சொல்லலாம், காப்பாற்றினார்கள் என்றும், காலி செய்தார்கள் என்றும். 1903இல் அடியில் விட்டிருந்த பக்கக் கன்றுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். 1907இல் பெரிய தண்டுகளில் இரண்டை டர்பன் பூங்காவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். 1912இல் காட்டில் ஒரு தண்டுதான் மிச்சமிருந்தது. 1916இல் வனத்துறை அதையும் தோண்டி எடுத்து பிரிட்டோரியாவுக்கு அனுப்பியது. அங்கே அது 1964இல் செத்தது. காட்டிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு இருந்திருக்குமா என்பது வீண் கேள்வி. எடுத்ததால் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். இன்று உலகின் பல பூங்காக்களில் வுடியை நிற்கிறது. எல்லாமே அந்த ஒரு மரத்தின் பக்கக் கன்றுகள், கன்றுகளின் கன்றுகள். வாழைத்தோட்டத்தில் ஆயிரம் மரம் நின்றாலும் எல்லாம் ஒரே தாய்க்கிழங்கின் வழி வந்தவையாக இருக்கலாம் அல்லவா, அதைப் போல. ஆயிரம் ஆனாலும் ஆண்தான். எண்ணிக்கையில் பல, கணக்கில் ஒன்று.

இதற்கு மிக நெருங்கிய உறவான நடாலென்சிஸ் இனத்தின் பெண் மரத்தில் வுடியையின் மகரந்தத்தைச் சேர்த்து, பிறக்கும் பெண் கன்றை மறுபடி வுடியையுடன் சேர்த்து, அதில் பிறப்பதை மறுபடியும் சேர்த்து, ஏறக்குறைய வுடியை என்று சொல்லத்தக்க ஒரு பெண்ணை உருவாக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. யோசனை சரிதான். ஆனால் இது நெல் இல்லை, போகத்துக்குப் போகம் பார்க்க. ஒரு தலைமுறை முதிரவே பல ஆண்டுகள் ஆகும். தொடங்கியவர் முடிவைப் பார்க்க மாட்டார்.

உலகின் மிக அரிய தாவரம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் இந்த மரத்தைத்தான் சொல்வார்கள். நானும் அதையே முதலில் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வியே கொஞ்சம் வழுக்கலானது. இணையத்தில் சுற்றும் 'உலகின் பத்து அரிய தாவரங்கள்' பட்டியல்களைப் பாருங்கள். அவற்றில் இருப்பவை பாதிக்கு மேல் விநோதமானவையே ஒழிய அரியவை அல்ல. நமீப் பாலைவனத்தின் வெல்விட்சியா தவறாமல் இடம்பிடிக்கும். இரண்டே இலைகளை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டு தாண்டி வாழும் அது விநோதம்தான். ஆனால் அந்தப் பாலைவனத்தில் அது ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. நம் பக்கத்தில் இதே குழப்பம் குறிஞ்சிக்கு நேர்கிறது. 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியில் அரிதாக இருப்பது பூக்கும் நிகழ்ச்சி. செடி அப்படியல்ல, மலைச்சரிவையே நீலமாக்கும் அளவுக்குக் கூட்டமாக வளரக்கூடியது. தேயிலைத் தோட்டமும் சீகை, தைல மரங்களும் அதன் இடத்தைத் தின்றுகொண்டிருப்பது வேறு கவலை.

அரிது என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று 1981இல் டெபோரா ராபினோவிட்ஸ் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் பிரித்துக் காட்டினார். அவர் கேட்டவை மூன்று கேள்விகள். செடி எவ்வளவு பரந்த நிலத்தில் இருக்கிறது? எந்த மண்ணிலும் வளருமா, குறிப்பிட்ட இடத்தில்தானா? இருக்கும் இடத்தில் கூட்டமாக இருக்கிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில் என்றால் மொத்தம் எட்டு வகை. எட்டில் ஒன்றுதான் சாதாரணம். மற்ற ஏழும் ஏதோ ஒரு விதத்தில் அரிது. ஒரே மலையுச்சியில் லட்சம் செடி இருப்பதும் அரிதுதான், கண்டம் முழுக்க ஊருக்கு ஒன்றாக இருப்பதும் அரிதுதான். ஆனால் இரண்டுக்கும் வரும் ஆபத்து ஒன்றல்ல. முன்னதற்கு ஒரு காட்டுத்தீ போதும். பின்னதற்குத் துணை கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரிதாக இருப்பது தாவர உலகில் விதிவிலக்கே அல்ல. ஏறக்குறைய 4,35,000 நிலத் தாவர இனங்களுக்குக் கிடைத்த பதிவுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஐந்து தடவையோ அதற்குக் குறைவாகவோதான் பதிவாகியிருக்கின்றன என்று கணக்கிட்டது. மூன்றில் ஒரு பங்கு இனங்களை அறிவியல் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் தடவைகள்தான் பார்த்திருக்கிறது. அதனால்தான் 'இதுதான் கடைசி மரம்' என்ற அறிவிப்புகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

நிதானம் தவறியதற்கு மொரீஷியஸில் ஒரு கதை இருக்கிறது. டம்பலகோக் என்று அங்கே ஒரு மரம், நம் இலுப்பை இருக்கும் குடும்பம். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்: இந்த மரத்தில் பதின்மூன்று கிழடுகள்தான் மிச்சம், எல்லாம் முந்நூறு வயதுக்கு மேல், டோடோ பறவையின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் இதன் கெட்டிக் கொட்டை முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது. பதினேழு கொட்டைகளை வான்கோழிகளுக்கு வலுக்கட்டாயமாக ஊட்டினார். ஏழு நொறுங்கின, பத்து வெளியே வந்தன, மூன்று முளைத்தன. கேட்பதற்கு எவ்வளவு அழகான கதை! பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்துவிட்டது. பிறகு மொரீஷியஸ் காடுகளை அறிந்த தாவரவியலாளர்கள் எடுத்துச் சொன்னார்கள்: நூற்றுக்கணக்கான மரங்கள் இருக்கின்றன, இளையவையும் இருக்கின்றன, கொட்டை யார் வயிற்றுக்குள்ளும் போகாமலே முளைக்கிறது. திருத்தம் கதையளவுக்கு ஊர் சுற்றவில்லை. இன்றைக்கும் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் டோடோ மரத்தை அனுப்புகிறார்.

பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவர்களும் தவறுவார்கள். நவீன முறையில் பெயரிடல் தொடங்கிய 1753 முதல் அழிந்துபோன விதைத் தாவரங்களைக் கணக்கெடுத்த, லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள், 2019இல் சொன்ன எண் 571. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் வந்தது. அழிந்துவிட்டதாக எண்ணிப் பிறகு உயிரோடு கண்டெடுக்கப்பட்டவை 430. திரும்பிவந்தவற்றில் பெரும்பாலானவை ஒரு காலை ஏற்கெனவே வெளியே வைத்திருப்பவை என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

சரி, எண்ணிக்கையை நம்ப முடியாதென்றால் எதைப் பார்ப்பது? இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐ.யூ.சி.என்., அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களுக்கு வைத்திருக்கும் செம்பட்டியலில் முதிர்ந்த மரங்கள் 50க்குக் கீழே போனால் அதுவே 'மிக அருகிய' நிலைக்குப் போதுமான காரணம். அது நல்ல அளவுகோல்தான். ஆனால் என்னைக் கேட்டால், எத்தனை நிற்கின்றன என்பதைவிட விதை வைக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்பேன். அந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த உதாரணம் மொரீஷியஸுக்குக் கிழக்கே 560 கிலோமீட்டரில் இருக்கும் ரோட்ரிக்ஸ் தீவின் ஒரு சிறு மரம்.

கஃபே மரோன் என்பது அதன் உள்ளூர்ப் பெயர். காட்டுக் காப்பி என்று சொல்லலாம். காப்பிச் செடியின் குடும்பமேதான், பூவும் நட்சத்திரம் போல வெள்ளையாக இருக்கும். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனின் குறுக்கே கடப்பதைப் பார்க்க ரோட்ரிக்ஸுக்கு வந்த பிரிட்டிஷ் குழுவோடு ஐசக் பால்ஃபர் என்ற இளம் தாவரவியலாளரும் வந்திருந்தார். அவர் வழியாகத்தான் இது அறிவியலுக்குத் தெரிந்தது. இந்த மரத்தின் விசித்திரம், கன்றும் முதிர்ந்த மரமும் வேறு வேறு செடிகள் போலத் தெரிவது. கன்றின் இலை ஒல்லியாக, நீளமாக, புள்ளியும் மங்கலுமாக இருக்கும். தலைக்கு மேல் வளர்ந்தபின் அகன்ற பச்சை இலை விடும். ஒரு காலத்தில் தீவு முழுக்க ஊர்ந்த ராட்சத ஆமைகளின் கண்ணில் படாமலிருக்க இந்த வேடம் என்று கருதுகிறார்கள். ஆமைகள் போய்விட்டன, ஆடும் மாடும் வந்தன. அவற்றுக்கு அந்த வேடம் பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கஃபே மரோன் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

1980 வாக்கில் ரோட்ரிக்ஸ் பள்ளி ஆசிரியர் ஒருவர், பழைய தாவரப் படங்களைப் பிள்ளைகளிடம் காட்டி, இவற்றில் எதையாவது பார்த்தால் சொல்லுங்கள் என்று அனுப்பினார். ஒரு பையன் கிளையொன்றை ஒடித்துக்கொண்டு வந்து நின்றான். சாலையோரத்தில், ஆடு மேய்ந்து குட்டையாகிப்போன ஒரே புதர். கியூ சரிபார்த்துச் சொன்னது: அதுவேதான்.

அதன்பிறகுதான் வேடிக்கை. காப்பாற்ற வேலி போட்டார்கள். வேலி போட்டதும், உள்ளே ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. போதை தெளிவதற்கும் பால்வினை நோய்க்கும் இது மருந்து என்ற நம்பிக்கை ஏற்கெனவே உண்டு. வேலியைத் தாண்டி வந்து இலையும் கிளையும் ஒடித்துப் போனார்கள். வேலிக்கு மேல் வேலி போட வேண்டியிருந்தது. 1986இல் நட்டு வேர்பிடிக்க வைக்கச் சில போத்துகளை (கிளைத் துண்டுகளை) வெட்டி விமானத்தில் லண்டனுக்கு அனுப்பினார்கள். கியூவில் ஒன்று வேர்பிடித்தது. அதிலிருந்து மேலும் போத்து எடுத்துச் செடிகளைப் பெருக்கினார்கள். எல்லாம் பூத்தன. வருடம் முழுக்கப் பூத்தன. ஒன்றுகூடக் காய்க்கவில்லை.

பதினாறு, பதினேழு ஆண்டுகள் இப்படியே போயின. கியூவில் வேலைக்குச் சேர்ந்த கார்லோஸ் மக்டலேனா என்ற ஸ்பெயின்காரருக்கு இந்த மலட்டுப் பூக்கள் மேல் ஒரு பிடிவாதம் வந்தது. மகரந்தம் உயிரோடு இருக்கிறது, சூலகமும் சரியாகத்தான் தெரிகிறது. பிறகு ஏன் காய் இல்லை? சூலகமுடியில் விழும் மகரந்தம் தண்டு வழியாகக் கீழே இறங்குவதில் ஏதோ தடை என்று அவருக்குப் பட்டது. வாசல் பூட்டியிருந்தால் சுவரில் ஓட்டை போடுவது என்று முடிவு செய்தார். சூலகமுடியையே வெட்டிவிட்டு, வெட்டுவாயில் மகரந்தத்தை வைத்தார். ஏறக்குறைய இருநூறு தடவை. 2003இல் ஒரு பூ காயாகியது. கண்ணாடி இல்லத்தில் கொதிக்கும் மூலையில் இருந்த செடிதான் அது. வெப்பமும் இதில் சேர்ந்த விஷயம் என்று புரிந்தபின் அடுத்தடுத்துக் காய்கள் வந்தன, விதைகள் முளைத்தன, ரோட்ரிக்ஸுக்குத் திரும்பிப் போயின. ஆமைக்குப் பயந்த அந்த ஒல்லி இலையை ஒரு கன்றில் மறுபடி பார்த்த நாள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். போத்தில் வளர்ந்த செடிக்குக் குழந்தைப் பருவம் கிடையாது. விதையிலிருந்து வந்தால்தான் உண்டு.

பக்கத்துத் தீவுக்கு இந்த அதிர்ஷ்டம் வரவில்லை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் மொரீஷியஸில், குரேபீப் தாவரவியல் பூங்காவில் ஹயோஃபோர்பி அமரிகாலிஸ் என்ற பனை வகை ஒற்றையாக நிற்கிறது. உலகின் தனிமையான பனை என்று அதைச் சொல்வார்கள். இதில் ஆணும் பெண்ணும் ஒரே மரத்திலேயே உண்டு. ஆனால் ஒரே பாளையில் ஆண் பூக்கள் முதலில் விரிந்து உதிர்ந்துவிடும். பெண் பூக்கள் விரியும்போது மகரந்தம் இருக்காது. தோப்பாக இருந்தால் இது நல்ல ஏற்பாடு, தன் மகரந்தம் தனக்கே விழாது, பக்கத்து மரத்துடையதுதான் வரும். தனியாக நிற்கும் மரத்துக்கு அதே ஏற்பாடு கழுத்துச் சுருக்கு. போத்து வெட்டவும் வழியில்லை. பனைக்கு இருப்பது ஒரே குருத்து, அதை வெட்டினால் மரம் போச்சு. ஆய்வுக்கூடத்தில் கருவை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். முளைத்து வந்தவை நிலைக்கவில்லை.

அட்லாண்டிக் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினா, நெப்போலியனைச் சிறை வைத்த தீவு. அங்கே அழிந்ததாக நினைத்த இரண்டு மரங்கள் அடுத்தடுத்துக் கண்டெடுக்கப்பட்டன. 1977இல் ஒலிவ் என்று உள்ளூரில் சொல்லும் நெசியோட்டாவில் ஒரு மரம். 1980இல் கருங்காலி என்று சொல்லும் ட்ரோக்கெட்டியாப்சிஸில் செங்குத்துப் பாறை முகப்பில் இரண்டு புதர்கள். கயிறு கட்டி இறங்கிப் போத்து எடுத்தார்கள். கருங்காலி போத்திலிருந்து சளைக்காமல் வேர்விட்டது, இன்று தீவில் ஆயிரக்கணக்கில் நட்டிருக்கிறார்கள். ஒலிவ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. போத்தும் எளிதில் பிடிக்காது. காட்டிலிருந்த மரம் 1994இல் செத்தது. வளர்த்த கன்றுகளைப் பூஞ்சை பிடித்தது. கடைசிக் கன்று 2003இல் போனது. அத்தனை பேர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இனம் முடிந்துபோனது.

ஆடுகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்துக்கு வடக்கே த்ரீ கிங்ஸ் தீவுகள். கப்பல் உடைந்து கரையொதுங்குபவர்களுக்குச் சாப்பாடாகட்டும் என்று 1889இல் அங்கே ஆடுகளை விட்டார்கள். 1945இல் ஜெஃப் பெய்லிஸ் என்ற தாவரவியலாளர் போனபோது ஆடுகள் தீவையே மொட்டையடித்திருந்தன. அவற்றின் வாய்க்கு எட்டாத சரிவில் பென்னான்ஷியா என்ற மரத்தில் ஒன்று, டெக்கோமாந்தி என்ற கொடியில் ஒன்று, அவ்வளவுதான் மிச்சம். மறு ஆண்டே ஆடுகளை ஒழித்தார்கள். கொடி இன்று நியூசிலாந்து நர்சரிகளில் சாதாரணமாக விற்கிறது. பென்னான்ஷியா பெண் மரமாகப் போய்விட்டதால் நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1980களில் ராஸ் பீவர் என்ற ஆய்வாளர் பூக்களின் மேல் வளர்ச்சி ஊக்கி தடவி, அதே மரத்தில் அபூர்வமாக உண்டாகும் சிறிதளவு மகரந்தத்தைக் கொண்டே விதை எடுத்தார். இந்தக் கதைகளில் ஆடு வில்லன் ஆவதைப் பார்த்து ஆட்டை நோக வேண்டியதில்லை. அது தானாக நீந்திப் போகவில்லை.

விதையிருந்தும் இடமில்லாமல் போனவை உண்டு. உலகின் மிகச் சிறிய அல்லி, நிம்ஃபேயா தெர்மாரம். இலை சில நேரம் ஒரு சென்டிமீட்டர்தான். 1987இல் ருவாண்டாவின் தென்மேற்கில் மஷ்யூசா என்ற இடத்து வெந்நீர் ஊற்றின் ஓரச் சேற்றில் எபர்ஹார்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் கண்டெடுத்தார். ஊற்றுத் தண்ணீரை உழவர்கள் வயலுக்குத் திருப்பியதும் சேறு காய்ந்தது, 2008இல் அல்லியைக் காணவில்லை. ஜெர்மனியின் பான் பூங்காவில் விதையும் செடியும் பத்திரமாக இருந்தன. ஆனால் மற்ற இடங்களில் முளைத்த நாற்றெல்லாம் செத்தது. மற்ற அல்லிகளைப் போல ஆழத் தண்ணீருக்குள் போட்டு வளர்த்ததுதான் தவறு. நீர்மட்டத்தோடு ஒட்டி வைத்தால் காற்றிலிருக்கும் கரியமில வாயு அதற்குக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தவரும் அதே மக்டலேனாதான். பெருக்கித் தள்ளினார். 2014 ஜனவரியில் கியூவின் கண்ணாடி இல்லத்திலிருந்து ஒரு செடியை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். 2023இல் மஷ்யூசா பகுதியிலேயே அந்த அல்லியை மறுபடி கண்டார்கள். 'காட்டில் அழிந்தது' என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

திருட்டு இந்தத் துறையின் அன்றாடப் பிரச்சினை. அரிது என்று அச்சில் வந்த மறுநாளே விலை ஏறுகிறது. 2014 ஆகஸ்டில் கேப் டவுனின் கிர்ஸ்டன்பாஷ் பூங்காவிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட சைக்கட்கள் (சைக்கஸும் வுடியையும் சேர்ந்த மர வகை) தோண்டி எடுக்கப்பட்டன, பெரும்பாலும் காட்டில் நூறுகூட மிஞ்சாத லாட்டிஃப்ரான்ஸ் இனம். தென்னாப்பிரிக்காவில் மரத்துக்குள் மைக்ரோசிப் வைக்கும் அளவுக்குப் போயிருக்கிறார்கள். நம் அகத்தியமலையிலும் இது நடந்ததுதான். 1865இல் கர்னல் ஹீபர் ட்ரூரி அங்கே கண்ட மஞ்சள் செருப்பு ஆர்க்கிட், உலகில் அந்த மலைப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. காட்டுத்தீயும் சேகரிப்பாளர்களும் அதைத் தேடிப் பிடிக்க வேண்டிய பொருளாக்கிவிட்டார்கள்.

திருட்டைத் தடுக்க ஆஸ்திரேலியர்கள் எடுத்த வழி வேறு. 1994இல் சிட்னிக்கு வடமேற்கே வொலமை தேசியப் பூங்காவில், டேவிட் நோபிள் என்ற பூங்கா ஊழியர் கயிறு கட்டி ஒரு பாறைப் பிளவுக்குள் இறங்கினார். அங்கே இருந்தவை புதைபடிவத்தில் மட்டும் தெரிந்திருந்த ஒரு வம்சத்தின் உயிருள்ள மரங்கள். காட்டில் முதிர்ந்தவை நூறுக்கும் குறைவு. மரத்துக்கு மரம் மரபணு வேறுபாடு மிகமிகக் குறைவு. இடத்தை ரகசியமாக வைத்தார்கள், கூடவே கன்றுகளை வீட்டுத்தோட்டங்களுக்குப் போகும் வகையில் பெருக்கி விற்கத் தொடங்கினார்கள். நர்சரியில் காசுக்குக் கிடைப்பதைத் திருட யார் மலையேறுவான்? நல்ல கணக்கு. ஆனாலும் அனுமதியின்றிப் போன யாருடைய காலணியிலோ ஒட்டிக்கொண்டு வேரழுகல் நோய் உள்ளே போய்விட்டது. 2019-20 காட்டுத்தீயின்போது விமானத்திலிருந்து தீத்தடுப்பு மருந்து கொட்டியும், தீயணைப்பாளர்களைப் பிளவுக்குள் இறக்கி மண்ணை நனைத்தும் அந்தத் தோப்பைக் காப்பாற்றினார்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்கு, எல்லா விதையையும் எடுத்து உறைபெட்டியில் வைத்துவிட்டால் போகாதா? நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் வேக்ஹர்ஸ்டில் இருக்கும் மில்லினியம் விதை வங்கி இதைத்தான் செய்கிறது. காய வைத்து, மைனஸ் 20 டிகிரியில் வைக்கிறது. (அடிக்கடி செய்தியில் வரும் ஸ்வால்பார்ட் கிடங்கு முக்கியமாகப் பயிர் விதைகளுக்கானது.) ஆனால் நெல்லைப் போலப் பலாக்கொட்டையைக் குதிரில் போட்டு வைக்க முடியுமா? காய்ந்தால் செத்துவிடும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை அப்படித்தான். மிக அருகிய இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி உலர்த்த முடியாத விதை கொண்டவை என்று 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றை மண்ணில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் அவற்றுக்குப் பிடித்த மண்ணில்.

மண்ணுக்கோ எப்போதும் வேறு தேவை வந்துவிடுகிறது. இலங்கையில் க்ரூடியா சைலானிக்கா என்ற அவரைக் குடும்பத்து மரம் அழிந்துவிட்டதாக 2012ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியல் சொன்னது. 2019இல் கம்பஹா மாவட்டத்தில், காட்டில்கூட இல்லை, ஊருக்குள்ளே அதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து இரண்டாண்டு ஆகவில்லை. 2021 தொடக்கத்தில் அதிவேக நெடுஞ்சாலை அந்த மரத்தின் வழியாகப் போகிறது என்று செய்தி. ஊரும் பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். ஒரு மரத்துக்காகச் சாலையா நிற்பது என்று கேட்டவர்களும் உண்டு.

ங்கோயே காட்டுக்குத் திரும்பிப் போவோம், அங்கே ஒரு தேடல் நடக்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ட்ரோன்களைப் பறக்கவிட்டுக் காட்டின் மேற்கூரையைப் படமெடுத்து, அந்தப் படங்களில் சைக்கட்டின் தலை தெரிகிறதா என்று செயற்கை நுண்ணறிவை வைத்துப் பார்க்கிறார்கள். 2024 வரை அவர்கள் பார்த்து முடித்தது காட்டில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. எங்காவது ஒரு பெண் நிற்கலாம். ஆனால் அப்படி ஒன்று படத்தில் அகப்பட்டாலும், இலையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. கூம்பு விட்டால்தான் தெரியும். 1899இல் டர்பனிலிருந்து கியூவுக்குப் போன வுடியை தன் முதல் கூம்பை விட்டது 2004இல்.